வாறதுக்கு எவ்வளவு நேரம்?

புத்தளம் டவுனில் ஒரு சின்ன டிக்கட் ஏஜென்சி எனக்கு இருக்கிறது. கண்ணாடிக் கதவு, இரண்டு கதிரை, சுவரில் உலகப் படம், மேசையில் ஒரு பிளாஸ்டிக் பிளேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் 'நானா' என்று அண்ணன் முறை சொல்லி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "நானா, டோஹாவுக்குப் போக எவ்வளவு நேரம்?" "ரியாதுக்கு?" "லண்டனுக்கு?" நானும் கிளிப்பிள்ளை மாதிரிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். தில்லையடியில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருந்த மாமி.

"போறதை விடு மகன். வாறதுக்கு எவ்வளவு நேரம்?"

மாமி எனக்குச் சொந்தமில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி இருந்தது. அதில் ஒரு ஆள் புகுந்து போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கறியும் சண்டையும் போய் வந்துகொண்டிருந்ததால் மாமி என்று ஆகிவிட்டது. கட்டையான, உருண்டையான மனுஷி. மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த தங்க நிறக் கடிகாரம் ஒன்றை எப்போதும் கட்டியிருப்பார். அது ஆம்பிளைக் கடிகாரம், அவருக்குப் பெரிது. வேலை செய்யும்போது முழங்கை வரை ஏறிப்போய்க் கிடக்கும். நேரம் பார்க்க வேண்டுமென்றால் கையைக் கீழே இரண்டு தரம் உதறி அதை மணிக்கட்டுக்கு இறக்குவார். யாராவது வீட்டை விட்டு வெளியே போகும்போது மாமி கையை உதறினால், அந்த ஆள் இனி நிம்மதியாக இருக்க முடியாது.

பாண் வாங்கப் போன மாமா கடைச் சந்தியில் நின்று நாலு பேரோடு கதைத்துவிட்டு வருவார். வாசலில் மாமி நிற்பார். "போறப்ப பத்து நிமிசம். வாறப்ப நாப்பது நிமிசம். பாண் கடை என்ன பின்னால நகர்ந்து போயிட்டா?" மாமா பாணை நீட்டுவார். மாமா அதிகம் கதைக்காதவர். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று யாரோ அளந்து கொடுத்த மாதிரி நடந்துகொள்வார்.

கொழும்பு பஸ்ஸிலும் மாமிக்கு அதே அனுபவம்தான். விடியற்காலையில் போகிற பஸ் பறந்து போகும். பின்னேரம் திரும்புகிற பஸ் சிலாபத்தில் தேத்தண்ணிக்கு நிற்கும், மாதம்பையில் ஆள் ஏற்ற நிற்கும், பாலாவிக்குக் கிட்ட வந்தபிறகு நடுரோட்டில் நிற்கிற கழுதைக்கு ஹோர்ன் அடித்து ஹோர்ன் அடித்து நிற்கும். எங்கள் ஊர்க் கழுதைகள் ஹோர்ன் சத்தத்துக்கு அசைந்ததாகச் சரித்திரமில்லை. உடப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற தம்பியிடமும் மாமி விசாரித்துப் பார்த்தார். "கடலுக்குப் போறது கஷ்டமா, வாறது கஷ்டமா?" அவன் பாரைக் குட்டியைத் தராசில் போட்டபடி, "போறப்ப வள்ளம் வெறுமையா இருக்கும் அக்கா. வாறப்ப மீன் பாரம். பாரம் இருந்தா வள்ளம் மெதுவாத்தான் வரும்" என்றான்.

அவன் சும்மா சொல்லிவிட்டு மீனை வெட்டத் தொடங்கினான். மாமி அதைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், உலகத்தில் உள்ள எல்லாப் பிளேனுக்கும் அன்றைக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். மாமா பத்துப் பன்னிரண்டு வருஷம் கட்டாரில் லொறி ஓட்டியவர். அவருடைய பழைய டிக்கட்டுகளைப் பார்த்துத்தான் மாமி கணக்குப் படித்தார். கொழும்பில் நாலு மணிக்கு ஏறினால் டோஹாவில் ஆறரைக்கு இறங்கலாம். ஆகவே போவதற்கு இரண்டரை மணித்தியாலம். டோஹாவில் இரண்டு மணிக்கு ஏறினால் கொழும்பில் ஒன்பதரைக்குத்தான் இறங்கலாம். ஆகவே வருவதற்கு ஏழரை மணித்தியாலம்.

இதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இது என் தொழில். "மாமி, ரெண்டும் அஞ்சு மணித்தியாலம்தான்! அங்கத்தைய மணிக்கூடு எங்கட மணிக்கூட்டுக்கு ரெண்டரை மணித்தியாலம் பின்னால. டிக்கட்டில ஏறுற நேரம் ஏறுற ஊர்ட நேரம், இறங்குற நேரம் இறங்குற ஊர்ட நேரம்!" என்று வேலி ஓட்டையில் தலையை விட்டுக் கத்தினேன்.

"மணிக்கூடு ஏன் பின்னால போகுது? பெட்டரி இல்லையா?"

விடுவேனா? ஒரு தேசிக்காயையும் டோர்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு அவர்கள் குசினிக்கே போய்விட்டேன். தேசிக்காய்தான் உலகம், டோர்ச்தான் சூரியன், இங்கே விடிகிறபோது அங்கே இன்னும் இருட்டு என்று சுற்றிச் சுற்றிக் காட்டினேன். மாமி மிகவும் கவனமாகப் பார்த்தார். முடிந்ததும் உலகத்தை என் கையிலிருந்து வாங்கி, இரண்டாக வெட்டி, மீன் கறிக்குள் பிழிந்துவிட்டார்.

"நீ நல்லாப் படிச்ச பிள்ளை. ஆனா மாமா வாறப்ப எவ்வளவு சாமான் கொண்டு வருவார் எண்டு உனக்குத் தெரியுமா? ரெண்டு போர்வை, பால்மா ரின் ஆறு, சவர்க்காரம், இஸ்திரிப் பெட்டி, வாளி. இப்பிடி ஒவ்வொரு மனுசனும் கொண்டு வந்தா அந்தப் பிளேன் எப்பிடி ஓடும்? போறப்ப எல்லாரும் ரெண்டு சேட்டோட போறாங்க. அதான் பறக்குது."

நான் மாமாவைப் பார்த்தேன். இருபது தரமாவது அந்த வழியால் போய் வந்த மனுஷன். "மாமா, நீங்களே சொல்லுங்க. உண்மையில வர எவ்வளவு நேரம்?"

மாமா யோசித்தார். "நான் ஏறினதும் நித்திரையாகிடுவன்" என்றார். அன்றைக்கு உரிய வார்த்தைகள் அதோடு தீர்ந்துவிட்டன.

மாமிக்கு இந்தத் திரும்பி வருகிற பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவர்கள் குடும்பம் மன்னாரிலிருந்து தோணியில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியது. அப்போது அவர் புதுப் பெண்ணாம். "ரெண்டு நாளையில திரும்பிடலாம் எண்டாங்க. நான் கோழிகளுக்கு ரெண்டு நாளைக்குத் தீன் வச்சிட்டு வந்தன். ஒருத்தனும் வாறதுக்கு எவ்வளவு நேரம் எண்டு ஒழுங்காச் சொல்லல்ல. அந்தக் கோழியெல்லாம் என்ன நினைச்சிருக்கும்?" என்றார். பிறகு, "அதுல ஒண்டு நல்ல சண்டைக்காரி. உன்னை மாதிரி" என்று சொல்லித் தேங்காய்ச் சிரட்டையை என் மேல் எறிந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அவருக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசத் தொடங்கியபோதுதான் இந்தக் கணக்கு ஆபத்தான கட்டத்துக்கு வந்தது.

இரண்டு மாப்பிள்ளைகள். ஒருவர் டோஹாவில் வேலை, மாமாவின் வழியில் சொந்தம். மற்றவர் மெல்பேர்னில் வேலை, மகளோடு கெம்பஸில் ஒன்றாகப் படித்தவர். மகளுக்கு மனம் எந்தப் பக்கம் என்று தில்லையடியில் கழுதைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் மாமா டோஹா என்றார். ஒரே வார்த்தை, "கிட்ட." மாமியும் மெல்பேர்ன் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. என் ஏஜென்சிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, சுவரில் இருந்த உலகப் படத்தின் முன்னால் நின்று, கீழ் மூலையில் கிடந்த அவுஸ்திரேலியாவை விரலால் தட்டினார்.

"இது என்ன, வீட்டைக் கூட்டி மூலையில ஒதுக்கின மாதிரிக் கிடக்கு? இங்க பிள்ளையைக் கொடுத்திட்டு நான் எப்ப பார்க்கிற?"

மகளுக்கு அழுது முடித்த முகம். கையில் இருந்த கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும். மனசு கேட்கவில்லை. ஆனால் நான் ஒரு டிக்கட் போடுகிறவன், மற்றவர்கள் குடும்பத்துக்குள் என்ன சொல்ல முடியும்?

"டோஹாவில இருந்து வாறதுக்கு ஏழரை" என்றார் மாமி. "மெல்பேர்னுக்குப் போறதுக்கு எவ்வளவு?"

வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் அவர் போவதைக் கேட்டது அன்றைக்குத்தான். நான் கொம்பியூட்டரைப் பார்த்து வாசித்தேன். இங்கே நள்ளிரவுக்கு ஏறினால் அங்கே அடுத்த நாள் பின்னேரம் மூன்று மணிக்கு இறங்கலாம். மாமி விரலை மடக்கி எண்ணினார். "பதினஞ்சு!" அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ், பதினஞ்சு மணித்தியாலம்! போறதே பதினஞ்செண்டா வாறதுக்கு முப்பதா?"

"வாறது பகல் பதினொரு மணிக்கு ஏறி..." என்று நான் தொடங்கினேன்.

"சொல்லு."

"பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்பில இறங்கும்."

மாமி கையை இரண்டு தரம் உதறினார். கடிகாரம் மணிக்கட்டுக்கு வந்தது. பதினொன்றிலிருந்து நாலு வரை முள்ளைக் கண்ணாலேயே சுற்றினார். பிறகு இன்னொரு தரம் சுற்றினார்.

"அஞ்சு."

"மாமி, கேளுங்க..."

"அஞ்சு மணித்தியாலம்! கட்டாரை விடக் கிட்ட!"

"இல்ல மாமி, அங்கத்தைய மணிக்கூடு கிட்டத்தட்ட அஞ்சு மணித்தியாலம் முன்னால. போறதும் பத்து, வாறதும் பத்து. சத்தியமாப் பத்து!" நான் எழுந்தே நின்றுவிட்டேன். பிளாஸ்டிக் பிளேன் கீழே விழுந்தது.

மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்குப் பிளேன் தெரியும், மனுசரைத் தெரியாது. அவுஸ்திரேலியாவில இருந்து வாற ஆக்கள் என்ன கொண்டு வாறாங்க? ஒரு சொக்கலட் பக்கட். அதையும் பத்துப் பேருக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. பிளேன் வெறுமை, பறந்து வருது. போறப்ப பாரு. மிளகாய்த்தூள், அரிசிமா, கற்பிட்டிக் கருவாடு, மாசிமீன், ஊறுகாய், எல்லாம் இங்க இருந்துதான் கட்டிக்கொண்டு போறாங்க. அதான் போறது பதினஞ்சு. கட்டாருக்கு நேர்மாறு."

உலகம் சுற்றுகிறது என்ற வாதத்துக்கு எதிராக யார் வந்தாலும் நான் நின்று பேசுவேன். கருவாட்டுக்கு எதிராக என்ன பேசுவது? அந்தக் கருவாட்டில் எல்லாக் கணக்கும் சரியாக வந்துவிட்டது. எனக்கே ஒரு நிமிஷம் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றிவிட்டது.

மாமி மகளின் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கி அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். "உனக்கு அந்தப் பிள்ளையைத்தானே பிடிச்சிருக்கு? அப்ப ஏன் வாயை மூடிட்டு இருக்கிற? அஞ்சு மணித்தியாலத்துல வாற ஊரை வச்சிக்கொண்டு ஏழரை மணித்தியாலத்துக்குக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

வெளியே இறங்கும்போது மகள் கொஞ்சம் பிந்தினாள். விழுந்து கிடந்த பிளேனை எடுத்து மேசையில் வைத்தாள். "நானா, இனி உம்மாட்ட இதைப் பற்றிக் கதைக்காதீங்க" என்றாள் மெதுவாக.

"நான் கத்திட்டுத்தானே இருந்தன்! யார் கேட்டது?"

"அதான் சொல்றன். இனிமேக் கத்தாதீங்க."

கலியாணம் நடந்தது. ஆறு பேர் சேர்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சகனில் நெய்ச்சோறு போட்டார்கள். நான் கோபத்தில் இருந்தபடியே மூன்று பேர் பங்கைச் சாப்பிட்டேன். மாமாவிடம் "டோஹாதானே கிட்ட என்றீங்க?" என்று கேட்டேன். "அஞ்சாமே" என்றார் மாமா.

மகள் போன பிறகு மாமி தினமும் போனில் முகம் பார்த்துக் கதைப்பார். இங்கே பின்னேரத் தேத்தண்ணி நேரம், அங்கே ஜன்னலுக்கு வெளியே கறுப்பாக இருக்கும். "ஏன் மகள் இருட்டா இருக்கு? கரண்ட் போயிட்டா? எங்களுக்குக் கரண்ட் எடுக்க நுரைச்சோலை பவர் ஸ்டேஷன் இருக்கு, உங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையா?" என்பார். அங்கே நேரத்தோடு இருட்டுகிற வழக்கம் என்று மகள் சொல்லிவைத்தாள். மாமிக்கு அது பிடித்திருந்தது. நேரத்தோடு படுக்கிற ஊர், ஒழுக்கமான ஊர். ஒவ்வொரு கதையின் முடிவிலும், "வாறதுக்கு அஞ்சுதானே மகள்?" என்று கேட்பார். "ஓம் உம்மா, அஞ்சுதான்." வேலிக்கு இந்தப் பக்கம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பூமரத்துக்குத் தண்ணி ஊற்றுவேன்.

ஊரில் யாராவது, "ஒரே பிள்ளையை இவ்வளவு தூரம் கொடுத்திட்டீங்களே" என்று இழுத்தால் போதும். "தூரமா? பாலாவியில கழுதை நிண்டா கொழும்பில இருந்து வீட்டுக்கு வர அஞ்சு மணித்தியாலம். அப்ப என்ட பிள்ளை கொழும்பில இருக்கிறா எண்டு நினைச்சுக்கொள்" என்பார். அந்த அஞ்சை அவர் சாப்பிட்டுக்கொண்டும் உடுத்திக்கொண்டும் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த வீட்டில் அவரால் இருந்திருக்க முடியாது. அது எனக்கு அப்போது தெரியவில்லை. பிழையான கணக்கு என்பது மட்டும்தான் தெரிந்தது.

பிறகு மகளுக்குக் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையோடு முதல் தரம் ஊருக்கு வருவதாக ஏற்பாடு. டிக்கட் நான்தான் போட்டேன். அதே பகல் பதினொரு மணிப் பிளேன், பின்னேரம் நாலு மணிக்கு இறக்கம். மாமி ஒரு கிழமையாகப் போனில் ஒரே பாட்டு. "மகள், ஒண்டும் கொண்டு வராத. சொக்கலட்டும் வேணாம். பிள்ளைக்கு உடுப்பு இங்க தைக்கலாம். மற்ற ஆக்களுக்கும் சொல்லி வை, பாரம் ஏத்த வேணாம் எண்டு." அந்தப் பிளேனில் வருகிற மற்ற முந்நூறு பேருக்கும் எப்படிச் சொல்வது என்று மகள் கேட்கவில்லை. "சரி உம்மா" என்றாள்.

அந்த நாள் காலை ஸுபஹ் தொழுதுவிட்டு நான் கொஞ்சம் சரிந்திருப்பேன். மணி ஆறு. வேலி ஓட்டையால் மாமி புகுந்து வந்து என் கட்டில்காலை உதைக்கிறார்.

"எழும்பு! பிளேன் வெளிக்கிட்டுட்டு!"

"என்ன?"

"மகள் இப்பதான் போன் எடுத்தா. ஏறி இருந்திட்டாளாம், கதவு சாத்தப் போறாங்களாம். பதினொரு மணிக்கு எண்டு டிக்கட் போட்டியே, ஆறு மணிக்கே எடுத்துட்டான்! இனி பதினொரு மணிக்கெல்லாம் கட்டுநாயக்கவுக்கு வந்திடும். பிள்ளை கைக்குழந்தையோட தனியா நிக்கப் போறா!"

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, அங்கே இப்போது மணி பதினொன்று, பிளேன் சரியான நேரத்துக்குத்தான் எடுத்திருக்கிறது, நாலு மணிக்குத்தான் வரும் என்றேன். மாமி என் சாரத்தின் நுனியைப் பிடித்து இழுத்தார். வாசலில் வேன் ஸ்டார்ட்டில் நின்றது. உள்ளே மாமா ஏற்கெனவே முன்சீட்டில் இருந்தார். மடியில் ஐந்து தட்டுக் கெரியர், இடியப்பமும் கோழிக் கறியும். அதற்கு மேல் ஒரு பாத்திரத்தில் இனிப்பு வட்டிலப்பம், துணி கட்டி.

ஒன்பதரைக்கே கட்டுநாயக்கவில் இருந்தோம். அன்றைக்கு ஒரு கழுதையும் குறுக்கே வரவில்லை.

வருகைப் பலகையில் மெல்பேர்ன் என்ற பெயருக்கு எதிரே நாலு மணி என்று போட்டிருந்தது. மாமி அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பழைய நேரத்தையே போட்டு வச்சிருக்கான். மாத்த மறந்துட்டான்." பதினொரு மணிக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். வெளியே வந்த ஒவ்வொருவரையும் பார்த்தார். பன்னிரண்டானது. "யாரோ பாரம் ஏத்திட்டாங்க" என்றார். தொழுகை அறைக்குப் போய் லுஹர் தொழுதுவிட்டு வந்தார். ஒரு மணியானது. "நிறையப் பாரம் போல" என்றார்.

ஒன்றரைக்கு மாமா கெரியரைத் திறந்தார். நாங்கள் மூன்று பேரும் வேனுக்குள் இருந்து மகளுக்குக் கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டோம். மாமி இரண்டு வாய் பிய்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். மிச்சத்தை மாமா முடித்தார். வட்டிலப்பத்திலும் பாதி போனது.

இரண்டு மணிக்கு மாமி விசாரிக்கிற இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த சிங்களப் பிள்ளையிடம் மாமி தன் புத்தளம் சிங்களத்தை எடுத்து விட்டார். "துவ, பிளேன் பரக்குத?" பிளேன் தாமதமா என்று. அந்தப் பிள்ளை கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. "நே அம்மே, வெலாவட்ட எனவா." இல்லை அம்மா, சரியான நேரத்துக்கு வருகிறது.

மாமி நன்றி சொல்லவில்லை. திரும்பி வந்து கதிரையில் இருந்தார். கையை உதறவில்லை. கடிகாரம் முழங்கையிலேயே கிடந்தது. என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"காலையில ஆறுக்கு ஏறினா. நாலுக்குத்தான் வருவா எண்டு அந்தப் பிள்ளையும் சொல்லுது."

"ஓம் மாமி."

"அப்ப எவ்வளவு?"

எத்தனை வருஷம் காத்திருந்தேன் இந்தக் கேள்விக்கு! தேசிக்காயும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு ஓடியவன் நான். இப்போது வருகைப் பலகையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாமி காத்துக்கொண்டிருந்தார்.

"பத்து" என்றேன்.

மாமி முந்தானையை இழுத்துத் தலையைச் சரியாக மூடிக்கொண்டார். வயசான மனுஷி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய்த் தேத்தண்ணி வாங்கி வந்தேன். மாமி குடிக்கவில்லை.

பிளேன் நாலு மணிக்கு இறங்கியது. முக்கால் மணித்தியாலம் கழித்து மகள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நெஞ்சில் குழந்தை கட்டியிருந்தது. வண்டிலில் இரண்டு பெரிய பெட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையில் ஒரு கம்பளிப் போர்வை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு, தலைமுடியெல்லாம் பறந்து, தோளில் குழந்தை கக்கின அடையாளம். பத்து மணித்தியாலமும் குழந்தை அழுதிருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. தாயைக் கண்டதும் முகத்தை மாற்றிக்கொண்டாள்.

"உம்மா! பார்த்தீங்களா, அஞ்சே மணித்தியாலம்! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துட்டன்!"

நான் மாமியைப் பார்த்தேன். மாமா பின்னால் வெறும் கெரியரைப் பிடித்துக்கொண்டு, மீசையில் வட்டிலப்பத்தோடு நின்றார்.

மாமி குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். அதன் நெற்றியில் முத்தமிட்டார். "ஓம் மகள்" என்றார். "நாங்களும் இப்பதான் வந்து இறங்கினம்."

திரும்பி வரும்போது மகள் பின்சீட்டில் சாய்ந்த உடனே நித்திரையாகிவிட்டாள். சிலாபத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். மாமி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இறங்கி வந்து, என்னை வேனுக்குப் பின்னால் கூப்பிட்டார். ஏதோ திட்டப் போகிறார் என்று நினைத்தேன். எனக்குத் திட்டு வாங்க விருப்பமாகக்கூட இருந்தது.

"மகன், அந்தப் பத்து."

"சொல்லுங்க மாமி."

"அவளுக்குச் சொல்லிடாத." வேனுக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "பாவம், அஞ்சு எண்டுதான் நினைச்சிட்டு இருக்கிறா. பத்து எண்டு தெரிஞ்சா அந்த ஊர்ல எப்பிடித் தனிய இருப்பா?"

நான் சரி என்றேன். தாயும் மகளும் சேர்ந்து என்னை நடுவில் வைத்துத் தைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நானும் அந்தக் கணக்கைப் பற்றி எங்கும் வாய் திறக்கவில்லை.

மகளுக்கு இரண்டாவது பிள்ளை கிடைத்தபோது மாமியும் மாமாவும் பார்த்துக்கொள்ளவென்று மெல்பேர்ன் போனார்கள். போய்ச் சில வருஷமாகிறது. பக்கத்து வீட்டில் இப்போது வேறு ஆட்கள். வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டிவிட்டார்கள். பெருநாளைக்கு மாமி போன் எடுப்பார். "நினைச்சா அஞ்சு மணித்தியாலத்துல வந்திடுவன், உன்ட சத்தத்தைக் குறைச்சுக்கொள்" என்பார். நான் ஓம் மாமி என்பேன்.

ஆனால் எனக்கு மாமி என்றதும் நினைவுக்கு வருவது வேறு ஒரு நாள். அந்த முதல் வருகை முடிந்து மகள் குழந்தையோடு திரும்பிப் போன நாள். பெட்டி நிறுக்க என் ஏஜென்சித் தராசைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஹோல் முழுக்கப் பொதி. அரிசிமா, மிளகாய்த்தூள், மாசி, ஊறுகாய், நாலு மடிப்பு பேப்பரில் சுற்றிய கற்பிட்டிக் கருவாடு. ஒரு அம்மிக் குழவிகூட இருந்தது. மகள் உள் அறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைத் தராசில் கொளுவித் தூக்கினேன். முப்பது கிலோ கொண்டு போகலாம், அதற்கு மேல் ஒரு கிராமும் விடமாட்டார்கள். தராசு முப்பதைத் தொட்டு நின்றது.

"அவ்வளவுதான் மாமி. குழவியை இனிப் போட வேணாம். சரியா முப்பது."

மாமி குழவியைத் தொடவில்லை. இன்னொரு கருவாட்டுப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குக் கிட்ட வந்தார். உள் அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாரம் கூடினா பிளேன் மெதுவாத்தானே போகும்?"

நான் தராசை இன்னொரு தரம் தூக்கினேன். முள் அசையாமல் முப்பதில்தான் நின்றது. நன்றாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

"இன்னம் ரெண்டு கிலோ போடலாம் மாமி" என்றேன்.